ஏட்டில் மட்டும் இருந்த தழும்பு

1959ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை 10.20 மணிக்கு மலாக்கா நகரில் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நான் தமிழில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் திரு. தம்பிராஜா தமிழிலேயே எழுதிக்கொண்ட வாக்குமூலம். நான் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எழுதப்பட்டு நீதிமன்றத்தில் காட்டப்படலாம் என்றும் எனக்கு விளக்கப்பட்டது. விளங்கிக்கொண்டேன்.

என் பெயர் கலியாணசுந்தரம். தகப்பனார் பெயர் மருதமுத்து, காலமாகிவிட்டார். வயது 38. பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது குடியிருப்பது காஜா பெராங் சாலையில், எண் 47B, பலகை வீடு. வீட்டில் மனைவி பொன்னம்மா, வயது 31, மகள் சிவகாமசுந்தரி, வயது ஏழு, மகன் ராஜரத்தினம், வயது இரண்டரை. நான் 1946 முதல் அரசாங்கச் சுகாதார வேலையில் அம்மை குத்துகிறவனாக இருக்கிறேன். மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் பதவி எனக்கு இல்லை என்றாலும் காஜா பெராங்கில் எல்லோரும் என்னை டிரெஸ்ஸர் என்றே கூப்பிடுவார்கள். பிப்ரவரி 18ஆம் தேதி முதல் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறேன்.

என் வேலை இன்னதென்று முதலில் சொல்கிறேன். குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்த வேண்டும் என்பது சட்டம். அம்மைப்பால் ஐஸ் பெட்டியில், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் வரும். குழாயின் முனையை ஒடித்து, ஒரு துளியைக் குழந்தையின் இடது மேற்கையில் இட்டு, அதன் மேல் ஊசியால் லேசாகக் கீற வேண்டும். மூன்றாம் நாள் சிறு பரு தெரியும், ஐந்தாம் நாள் நீர் கோக்கும், எட்டாம் நாள் நடுவில் குழிந்து முத்துப் போல நிற்கும், அதன் பிறகு பொருக்குத் தட்டி உதிர்ந்து, ஆயுளுக்கும் மறையாத தழும்பாகும். எட்டாம் நாள் நான் கையைப் பார்த்து, பிடித்திருந்தால் அப்படியே ஏட்டில் எழுதி, பெற்றவர்களிடம் சூராட் கொடுப்பேன். இங்கே எல்லோரும் சூராட் என்று சொல்வது அந்த அத்தாட்சித் தாளைத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பெரியம்மை கண்டது. ஒன்பது வீடுகளில் பதினேழு பேர் வாழை இலையில் படுத்திருந்தார்கள். கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் அவர்கள் மேல் வட்டம் வட்டமாக விழுந்து கிடந்தது. எது வெளிச்சம், எது கொப்புளம் என்று வாசலில் நின்ற எனக்கு முதலில் தெரியவில்லை. பதினேழு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு இந்த வேலை வேண்டுமா என்ற சந்தேகம் எனக்கு வந்ததில்லை.

1952ஆம் ஆண்டு மார்ச் மாதம் என் மகள் சிவகாமசுந்தரிக்கு எட்டு மாதம். அப்போது நாங்கள் புக்கிட் காதிலில் இருந்தோம். வேறு ஆள் குத்தினால் கை அழுத்தமாகப் பட்டுவிடுமோ என்று நானே அவளுக்குக் குத்தினேன். எட்டாம் நாள் நன்றாகப் பிடித்திருந்தது. நானே ஏட்டில் எழுதினேன். பதினோராம் நாள் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் இருந்த இலவ மரத்தில் காய்கள் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. பஞ்சு விழவும் இல்லை, போகவும் இல்லை, அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. பொன்னம்மா குழந்தையை மடியில் வைத்து அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் கண் ஒரு பஞ்சைத் தொடர்ந்து போயிற்று. அந்தப் பஞ்சு வேலியைத் தாண்டிப் போன பிறகும் கண் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. அதன் பிறகு வலிப்பு வந்தது. நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய சாலை வரைக்கும் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்தாள். உயிர் பிழைத்தாள். மூளையில் வீக்கம் என்றும், அம்மை குத்தியதால் எத்தனையோ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வருவதுண்டு என்றும், குத்தியவர் மேலும் பிழை இல்லை, பால் மேலும் பிழை இல்லை என்றும் டாக்டர் சொன்னார். சிவகாமிக்கு இப்போது ஏழு வயது. நடக்கமாட்டாள், பேசமாட்டாள். வெளிச்சம் அசைந்தால் சிரிப்பாள். தண்ணீர்த் தொட்டியில் பட்ட வெயில் கூரையில் ஆடுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாள். மறு வருடம் காஜா பெராங்குக்குக் குடிவந்தபோது, பிறவியிலேயே இவள் இப்படித்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தோம். அப்படிச் சொல்வதென்று முடிவு செய்தவன் நான். உண்மை தெரிந்தால் ஒருவரும் தங்கள் பிள்ளையின் கையை என்னிடம் தரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

1956ஆம் ஆண்டு செப்டம்பரில் மகன் ராஜரத்தினம் பிறந்தான். அவனை ரத்தினம் என்று கூப்பிடுவோம். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது பொன்னம்மா என்னிடம், “இந்தப் புள்ளை மேல உங்க ஊசி படக்கூடாது” என்றாள். அதுவரை நான் எழுதிய ஏடுகளை எல்லாம் நான் ஏற்கெனவே கூட்டிப் பார்த்திருந்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் கைகள். அதில் இப்படி ஆனது ஒன்று. இதை அவளிடம் சொன்னேன். அவள், “பதினோராயிரம் ரோட்டுல போறவங்களுக்குங்க. நம்ம வீட்டுக்கு வந்தது அந்த ஒன்னு” என்றாள்.

1957ஆம் ஆண்டு மே மாதம், நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மூன்று மாதம் முன்பு, அலுவலகத்தில் நான் தனியாக இருந்தபோது, ஏட்டில் ராஜரத்தினத்தின் பெயரை எழுதி, இரண்டு இடத்தில் குத்தியது, இரண்டும் பிடித்தது என்று எழுதினேன். சூராட்டும் எழுதி முத்திரை வைத்தேன். அந்தப் பக்கம் எனக்குக் காட்டப்பட்டது. என் கையெழுத்துதான். யாரும் எனக்கு உதவவில்லை. பொன்னம்மாவுக்கு ஏடு விஷயம் அப்போது தெரியாது.

எந்தத் தைரியத்தில் அப்படிச் செய்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஊரில் மற்ற எல்லார் கையிலும் தழும்பு இருந்தால் நோய் உள்ளே வர வழியில்லை. அத்தனை பேரும் வேலி போல நிற்க, உள்ளே என் மகன் ஒருவன் தழும்பில்லாமல் இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த வேலியை வருடக்கணக்கில் கட்டியவன் நான், அதற்குள் ஓர் இடம் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றும் நினைத்தேன். அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கண் அசரும்போது கைகள் வரும். முகம் இல்லாத சின்னக் கைகள், தெளிந்த தண்ணீருக்குள்ளிருந்து நீட்டுவது போல வரிசையாக வரும். நான் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போவேன். பயமாக இருக்காது. முடிவும் இருக்காது.

இந்த ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, சுமத்ராவிலிருந்து கரி ஏற்றி வந்த படகின் ஆள் ஒருவன் ஆற்றோரத்து விடுதியில் காய்ச்சலாகக் கிடக்கிறான் என்று தகவல் வந்தது. எங்கள் சுகாதாரப் பகுதி டாக்டருடன் நானும் போனேன். அவன் முகத்திலும் உள்ளங்கையிலும் முத்து முத்தாகக் கிளம்பியிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பெரியம்மைதான். அவனைத் தனி வார்டுக்கு அனுப்பினோம். அதன் பிறகு, நகரத்தில் இதுவரை குத்தாதவர்கள் எல்லோருக்கும் உடனே குத்த வேண்டும் என்று உத்தரவாகி, காஜா பெராங் பகுதி எனக்குக் கொடுக்கப்பட்டது. மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்கு எல்லோரும் வர வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு அப்துல் கய்யூமின் மளிகைக் கடைக்குப் போனேன். அவர் மனைவி ஷரீஃபா கடையில் இருந்தார். மூன்று பிள்ளைகளில் கடைசி இரண்டு பேருக்கும் அவர் அதுவரை குத்த விடவில்லை. அவர் என்னைப் பார்த்து, “டிரெஸ்ஸர் அண்ணே, ஊர்ப் புள்ளைங்க கையெல்லாம் கீறுறீங்களே, உங்க மவனுக்குக் குத்துனீங்களா?” என்று கேட்டார்.

குத்தியாகிவிட்டது என்றேன்.

“அப்ப காட்டுங்க” என்றார்.

பையன் தூங்குகிறான் என்று சொல்லி, நான்கு வீடு தள்ளி இருந்த என் வீட்டுக்குப் போய் சூராட்டை எடுத்து வந்து காட்டினேன். அதில் எழுதியிருந்ததை அவருக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரையை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பிள்ளைகளைக் கொண்டு வருவதாகச் சொன்னார். அப்போது கடையில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு நின்ற லாரி டிரைவர் கணேசமூர்த்தியும் அதைப் பார்த்தார். அவருடைய இரண்டு பெண்களுக்கும் குத்தியிருக்கவில்லை. “டிரெஸ்ஸர் தன் புள்ளைக்கே போட்டிருக்காருன்னா அப்பறம் என்னா, நானும் கூட்டியாறேன்” என்றார். நான் நன்றி சொன்னேன்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். கால் கழுவிக்கொண்டே, கரிப் படகு ஆளுக்குப் பெரியம்மை என்று பொன்னம்மாவிடம் சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, “தள்ளுவண்டியில கரி கொண்டாந்த ஆளா? காதுல கடுக்கன் போட்டிருந்தாரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“ஞாயித்துக்கிழமை நம்ம படியில வந்து உக்காந்தாருங்க. மண்டையிடின்னாரு. ஆயர், காக், ஆயர்னு தண்ணி கேட்டாரு. குடுத்தேன். ரத்தினம் போயி அவரு மடியில ஏறிக்கிட்டான். கரித்துண்டு குடுத்து மீன் போடக் கத்துக்குடுத்தாரு” என்றாள்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். சிமெந்துத் தரை முழுவதும் கரியால் வரைந்த மீன்கள். பெரியதும் சிறியதுமாக எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. சாய்ந்த வெயில் ஜன்னல் கம்பிகள் வழியே அவற்றின் மேல் ஊர்ந்தது. சிவகாமி பாயில் சாய்ந்தபடி அவற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரத்தினம் வாலில்லாத மீன் ஒன்றுக்கு வால் போட்டுக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு நான் பொன்னம்மாவிடம் தெரிந்ததைச் சொன்னேன். நோய் பட்டு நான்கு நாளுக்குள் குத்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கணக்குப் போட்டால் இன்று மூன்றாம் நாள். குத்தாமல் விட்டு நோய் வந்தால், நான் பார்த்த வரையில் நான்கில் ஒருவர், சில இடத்தில் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. குத்தினால் சிவகாமிக்கு வந்தது இவனுக்கும் வரலாம், வராது என்று என்னால் சொல்ல முடியாது. இதையும் சொன்னேன். அவள், “அந்த ஆளு மூஞ்சி இப்ப எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டாள். ஒளிக்காமல் சொன்னேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவள் எழுந்துபோய் விறகை இழுத்துவிட்டு வந்து, “குத்தணும்னா குத்தட்டும். ஆனா நீங்க குத்தாதீங்க. வேற கை குத்தட்டும்” என்றாள்.

என் பெட்டியில் மூன்று குழாய் அம்மைப்பால் இருந்தது. அங்கேயே நான் குத்தியிருந்தால் வெளியில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வேறு கை என்றால் தழும்பில்லாத கையை அந்தக் கைக்காரர் பார்ப்பார். ஏடு வெளியே வரும். ஏட்டைப் பற்றிப் பொன்னம்மாவிடம் அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அது உங்க பாடு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள், புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு நாங்கள் நால்வரும் மண்டபத்துக்கு நடந்தோம். நான் சிவகாமியைத் தூக்கிக்கொண்டேன், பொன்னம்மா ரத்தினத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெயில் அப்போதே வெள்ளையாக இருந்தது. கோவில் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. வீட்டு வாசல்களில் வேப்பிலை சொருகியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன, செட்டி கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்த தமிழ் வம்சத்துப் பெண்கள் தங்கள் வழக்கப்படி மலாயில் தணிந்த குரலில் பேசிக்கொண்டே போனார்கள். ஒரு வார்த்தையும் என் காதில் நிற்கவில்லை. தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. தூரம் அரை மைல்கூட இல்லை. எவ்வளவு நேரம் நடந்தோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மண்டபத்தில் அறுபது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். என்னுடன் வேலை பார்க்கும் தேவதாஸ் மேசையில் இருந்தார். நாங்கள் மேசைக்கு வந்தபோது எங்களுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக ஷரீஃபா இரண்டு பிள்ளைகளுடன் நின்றார். அவருக்குப் பின்னால் கணேசமூர்த்தியும் அவர் மனைவியும் இரண்டு பெண்களும். தேவதாஸ் ரத்தினத்தின் சட்டைக் கையை மேலே தூக்கினார். வெறும் கை. ஏட்டைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே, “பழைய தழும்பு மறைஞ்சு போச்சு, மறுபடியும் குத்தினதுன்னு எழுதிடறேண்ணே. யாரு கேக்கப்போறா?” என்றார்.

தேவதாஸ் மேல் குற்றம் இல்லை. அவர் அப்படி எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் குத்திக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஷரீஃபா தன் பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் சூராட்டை நம்பித்தான் கழற்றினார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, “முதல் தடவை குத்துவது என்று எழுது. அந்த ஏட்டில் நான் எழுதியது பொய்” என்றேன்.

ஏன் அதை அங்கே, அப்போது சொல்ல வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். 1952இல் சிவகாமிக்குக் குத்துவதற்கு முன், இப்படியும் ஒன்று வரக்கூடும் என்று நான் பொன்னம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லியிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்தச் சரியைச் சொன்னது அவளாக இருந்திருக்கும். ஏழு வருடமாக அவள் அதை என்னிடம் கேட்டதில்லை. ஷரீஃபா பொத்தானைக் கழற்றிய கையைப் பார்த்தபோது எனக்கு அது நினைவு வந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஷரீஃபா என் தோளில் கிடந்த சிவகாமியைப் பார்த்தார். “உங்க மவனுக்குக் குத்த ஏன் பயந்தீங்க? அப்ப இந்தப் புள்ளை பொறவியில இப்படி இல்லையா?” என்று கேட்டார். இல்லை, நான் குத்திய பதினோராம் நாள் இப்படி ஆனாள் என்றேன். அவர் பொத்தானைத் திரும்பப் போட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். கணேசமூர்த்தி மேசைக்கு வந்து, “நேத்து கடையில காட்டுனது என்னாய்யா? எங்க புள்ளைங்க உனக்கு வெளையாட்டா?” என்றார். அவரும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்படிப் போனவர்கள் இருபத்துமூன்று பேர். பொன்னம்மா யாரையும் பார்க்கவில்லை. ரத்தினத்தின் கையைத் தானே பிடித்து மேசைமேல் வைத்து, “தம்பி, நீ குத்துப்பா” என்று தேவதாஸிடம் சொன்னாள். அவர் குத்தினார். ரத்தினம் அழவில்லை, ஊசியை வேடிக்கை பார்த்தான். அதைப் பார்த்துவிட்டு மிச்சம் இருந்தவர்கள் வரிசையை விட்டுப் போகாமல் நின்றார்கள்.

பத்தரை மணிக்கு டாக்டர் வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஏட்டையும் சூராட்டையும் ஒப்படைத்தேன். வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அன்று மத்தியானத்திலிருந்து பொன்னம்மா சிவகாமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வரிசையை விட்டுப் போனவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். நான் சொல்லி அவள் போகவில்லை. நான் ரத்தினத்துடன் பின்னால் போய் வேலிக்கு வெளியே நின்றேன். ஏழு வயதுப் பெண்ணின் கால்கள் பொன்னம்மாவின் முழங்கால் வரைக்கும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. ஷரீஃபாவின் வீட்டு வாசலில் அவள், “இவளத் தொட்டுப் பாரு ஷரீஃபா. இப்படி ஆயிடுமோன்னுதான் ரத்தினத்த ரெண்டு வருஷமா ஊசிக்கு ஒளிச்சு வெச்சேன். அந்தக் கரிக்காரரு வந்துட்டுப் போன பின்னாடி அதவிடப் பெரிய பயம் வந்திருச்சு. எது பெருசுன்னு பாத்தேன், அவ்வளவுதான்” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஷரீஃபா, “எப்படி அக்கா மனசு வந்திச்சு?” என்று கேட்டார்.

“மனசு எங்க வந்திச்சு? கையத்தான் கொண்டு போனேன்” என்றாள் பொன்னம்மா.

வெள்ளிக்கிழமை காலை ஷரீஃபா இரண்டு பிள்ளைகளுக்கும் குத்த வைத்தார் என்று தேவதாஸ் சொன்னார். இருபத்துமூன்று பேரில் பதினேழு பேர் அந்த வாரத்துக்குள் திரும்பி வந்தார்கள். கணேசமூர்த்தியின் வீடு பூட்டியிருந்தது. அவர் அன்றைக்கே மனைவியையும் பெண்களையும் லாரியில் ஏற்றிக் குருபோங்கில் தன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பொன்னம்மா பூட்டிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு நான் வீட்டில் இருந்தேன். ரத்தினத்தின் கையில் மூன்றாம் நாள் பரு தெரிந்தது. எட்டாம் நாள் முத்து நின்றது. நாள் எது, கிழமை எது என்பது போய், அந்தக் கைதான் எனக்கு நாட்காட்டியாக இருந்தது. பதினோராம் நாள், பிப்ரவரி 28ஆம் தேதி, சனிக்கிழமை. காலையிலிருந்து அவனை என் பார்வையிலிருந்து விலக்கவில்லை. மத்தியானம் தெருவில் சத்தமே இல்லை. கூரைத் தகரம் வெயிலில் நெளிவது போல இருந்தது. பொன்னம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவன். அவன் கண் எங்கே போகிறது என்றே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் ஈ பறந்தது. அவன் கண் ஈயோடு போயிற்று. ஈ சுவரில் உட்கார்ந்ததும் அவன் கண் திரும்பி வந்து என் முகத்தில் நின்றது. “அப்பா, பீசாங் கோரெங்” என்றான். நான் எழுந்துபோய் வாழைப்பழப் பொரியல் வாங்கி வந்தேன். கடைக்குப் போனதும் வந்ததும் எனக்கு ஞாபகம் இல்லை. அவன் தின்று முடித்தபோது பொன்னம்மா அவன் வாயைத் துடைத்துவிட்டு, அதே துணியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு தேவதாஸ் சைக்கிளில் வந்தார். இறங்காமலே காலை ஊன்றிக்கொண்டு, “கணேசமூர்த்தி பொண்ணுக்கு முத்து கண்டிருச்சுண்ணே. குருபோங்கிலேருந்து வண்டியில கொண்டாந்தாங்க. மூத்தது” என்றார். கரிக்காரன் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசலிலும் நின்றிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெண் இன்னும் தனி வார்டில் இருக்கிறாள். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது. பொருக்கு உதிர்ந்துகொண்டிருக்கிறது. வலது கண்ணில் வெண்மை படர்ந்திருக்கிறது, அந்தக் கண்ணில் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய தங்கைக்கு ஒன்றும் வரவில்லை. நான் தினமும் மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே போய் நிற்பேன். கணேசமூர்த்தி அங்கே மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு மாதமாக அவர் என்னைப் பார்க்கவில்லை. போன வியாழக்கிழமை நான் நின்றுகொண்டிருந்தபோது, அவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். நான் உட்கார்ந்தேன். பார்வையாளர் நேரம் முடியும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அரசாங்க ஏட்டில் பொய் எழுதியதும், பொய்யான சூராட்டைக் காட்டி மற்றவர்களை நம்ப வைத்ததும் நான்தான். அதற்கு என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன். மண்டபத்தில் நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் கண் இன்று நன்றாக இருந்திருக்கும். இதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த மண்டபத்தில் மறுபடியும் நின்றால் வாயைத் திறப்பாயா, மாட்டாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சொல்வேன், ஆனால் ஒரு நாள் முன்னால், மளிகைக் கடையில் அந்தத் தாள் கேட்கப்பட்டபோதே சொல்வேன் என்றேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் கணேசமூர்த்தி வீட்டுக்கு நடந்துபோய்ப் பேச எங்களுக்கு ஒரு மாலைப் பொழுது இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் பெயரை எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். என் மேல் உள்ள வழக்குக்கு அது தேவையில்லை என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். மறுபடியும் கேட்டேன். இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னார். அவள் பெயர் மல்லிகா. வயது ஐந்து.

மேலே கண்டவை எனக்கு முதலிலிருந்து கடைசிவரை தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. என் மனமறிந்து உண்மையைச் சொல்லிக் கீழே கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) ம. கலியாணசுந்தரம்
மலாக்கா, 6.4.1959, பகல் 1.05 மணி

வாசித்துக் காட்டியவர்: (ஒப்பம்) தம்பிராஜா, மொழிபெயர்ப்பாளர்